ஒரு பாட்டு, மூன்று சிடிகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். துபாயில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நண்பர் தந்த கேசட் வழியாக டெம்ப்டேஷன்ஸ், சுப்ரீம்ஸ், மார்வின் கே என்ற அமெரிக்க சோல் இசைக்காரர்கள் எல்லோரும் எனக்கு அறிமுகமானார்கள். ஓய்வு பெற்றபின் அந்தப் பாடல்களைச் சிடியாகச் சேர்க்கிறேன். டெம்ப்டேஷன்ஸின் ‘மை கேர்ள்’ இப்போது மூன்று சிடிகளில் என்னிடம் இருக்கிறது. மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கின்றன. ஒன்றில் எல்லாம் நடுவிலிருந்து ஒரே திரளாக வந்து நெஞ்சில் மோதுகிறது. இன்னொன்றில் வாத்தியங்கள் ஒரு பக்கமும் குரல்கள் வேறு பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன. மூன்றாவது ‘ரீமாஸ்டர்’. சத்தம் அதிகம், ஆனால் சீக்கிரமே அலுத்துவிடுகிறது. இவற்றில் எது அசல்?

இன்னொரு கேள்வி. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இரட்டைச் சிடி வாங்கினேன். அதில் ‘டெட்ராய்ட் மிக்ஸ்’ என்று முழு ஆல்பமும் இரண்டாம் முறை வருகிறது. அவர் விரும்பியது அதுதானா? நிறுவனம் அதை மாற்றிவிட்டதா?

அன்புடன்,
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்த மூன்று சிடிகளுக்கும் இடையே இருப்பது இரண்டு வேறுவேறு வகையான வித்தியாசம். அவற்றைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் கடைக்காரர் சொல்வதையெல்லாம் நம்பவேண்டி வரும்.

மிக்ஸ் என்பது சமைப்பது, மாஸ்டரிங் என்பது பரிமாறுவது. தனித்தனித் தடங்களில் பதிந்த குரல், டிரம்ஸ், பேஸ் கிடார், வயலின்கள் ஆகியவற்றை எந்த அளவில், எந்த இடத்தில் சேர்ப்பது என்று முடிவெடுப்பது மிக்ஸ். அப்படிச் சேர்த்து முடித்த நாடாவைத் தட்டுக்கோ சிடிக்கோ ஏற்றவாறு பதப்படுத்துவது மாஸ்டரிங். உப்பு குறைந்த குழம்பை வெள்ளிக் கிண்ணத்தில் பரிமாறினாலும் உப்பு ஏறாது. ‘ரீமாஸ்டர்’ என்ற சொல் பரிமாறியதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உள்ளே இருப்பது எந்த மிக்ஸ் என்பதை அது சொல்வதில்லை. நீங்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

இனி ‘மை கேர்ள்’. 1964 டிசம்பரில் வெளியாகி, 1965 மார்ச்சில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த பாட்டு அது. டெட்ராய்டில் வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் இருந்த ஒரு வீட்டைத்தான் பெர்ரி கோர்டி தன் இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார். அங்கே உருவான பாட்டுகள் போய்ச் சேரவேண்டிய இடம் அமெரிக்க இளைஞர்களின் கார் ரேடியோவும் கையடக்க டிரான்சிஸ்டரும். இரண்டிலும் ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர். அதனால் ஒரு பாட்டைப் பல விதமாக மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே வழியாக வரும்படி, கலந்து, கார் ரேடியோ போன்ற சிறிய ஸ்பீக்கரில் ஓட்டிக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் நடக்கும். கையில் இருக்கும் கடைசிக் காசுக்கு இந்தத் தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா என்று கோர்டி அங்கே கேட்பாராம். அந்தச் சோதனைகளைத் தாண்டி வந்தது மோனோ மிக்ஸ். மோடவுனில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிடார் ஒரு சின்ன ஸ்பீக்கரிலும் காணாமல் போகாமல், இந்தப் பாட்டின் முதன்மைப் பாடகர் டேவிட் ரஃபினின் குரலை எப்படித் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் நெஞ்சில் மோதுவது பல பேர் உட்கார்ந்து வாதாடி எட்டிய முடிவு.

ஸ்டீரியோ மிக்ஸ் அப்படி உருவானதல்ல. எல்.பி. வாங்குவோருக்காக அதைத் தனியாகச் செய்தார்கள். அதற்கு அத்தனை கூட்டமும் சோதனையும் கிடையாது. கருவியின் எல்லையும் ஒரு காரணம். அறுபதுகளின் நடுவில் எட்டுத் தட நாடா வரும்வரை மோடவுனில் இருந்தவை மூன்று தடங்கள்தான். வாசிப்பவர்கள் பலரும் சேர்ந்து ஒரே தடத்தில் பதிந்திருந்தால், பிற்பாடு அவர்களை ஆளுக்கோர் இடமாகப் பிரித்து உட்கார வைக்க முடியாது. எல்லோரையும் சேர்த்து ஒரு பக்கம் தள்ளலாம், அவ்வளவுதான். உங்கள் இரண்டாவது சிடியில் குரல்களும் வாத்தியங்களும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்பதுபோல் தோன்றுவது இதனால்தான்.

சிலர் அந்த ஸ்டீரியோ சிடியைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் போதும் என்பார்கள். போதாது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற ஒலி, அப்படிச் சேர்க்கும்போது கூடுதலாக எழும்பும். ஒரு பக்கம் மட்டும் இருப்பது தாழ்ந்துவிடும். கலந்தவர் நினைத்த அளவு எதுவும் அதில் மிஞ்சாது. போதாக்குறைக்கு, ஸ்டீரியோ மிக்ஸில் பாட்டு வேறு இடத்தில் தேய்ந்து முடியலாம், வேறு ஒரு குரல்பதிவே சேர்ந்திருக்கலாம்.

சிடி வந்த எண்பதுகளில், ஸ்டீரியோ என்றால் உயர்வு என்ற எண்ணம் வலுவாக இருந்தது. மோனோ நாடாக்களை ஒதுக்கிவிட்டு ஸ்டீரியோவைத்தான் சிடியில் ஏற்றினார்கள். சில மோடவுன் சிடிகளுக்குப் பழைய பல்தட நாடாக்களை எடுத்துப் புதிதாகவே கலந்தார்கள். 1965இல் யாரும் கேட்டிராத ஒலி அது. இந்தத் தவறு திருந்தத் தொடங்கியது 1992இல் வந்த ‘ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.’ என்ற நான்கு சிடிப் பெட்டியோடு. சிங்கிள்களின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த சிறு தட்டுகளின், மோனோ மிக்ஸ்களைப் பெரும்பாலும் அப்படியே தந்த தொகுப்பு அது. பிறகு 2005 முதல் 2013 வரை, ‘தி கம்ப்ளீட் மோடவுன் சிங்கிள்ஸ்’ பதினான்கு தொகுதிகளாக வந்தது. 1959 முதல் 1972 வரை வெளியான சிங்கிள்கள், இரு பக்கமும், தட்டில் இருந்த மிக்ஸோடு. விலை அதிகம். ஆனாலும் சொல்கிறேன், இந்த இசைக்கு யாரோ செய்த மிகப் பெரிய மரியாதை அது.

இதை வைத்து மோனோ என்றால் அசல் என்று முடிவு செய்துவிட வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்வி அங்கேதான் என்னை நிறுத்துகிறது.

‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பற்றி நீங்கள் நினைப்பது பலரும் நினைப்பதுதான். கலைஞர் ஒன்று செய்தார், நிறுவனம் கெடுத்தது என்று. இங்கே நடந்தது நேர்மாறு. 1971 ஏப்ரல் தொடக்கத்தில் டெட்ராய்டில் ஆல்பம் முழுவதும் கலந்து முடிந்தது. மார்வின் கே அதோடு விடவில்லை. மே மாதத் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் சவுண்ட் ஃபேக்டரி கூடத்தில் மறுபடியும் கலக்கச் செய்தார். அந்த மாதமே வெளியாகி உலகம் கேட்டது அந்த இரண்டாவது மிக்ஸைத்தான். டெட்ராய்ட் மிக்ஸ் முப்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்து, 2001இல் நீங்கள் வாங்கிய அந்த இரட்டைச் சிடிப் பதிப்பில் முதல்முறையாக வெளிவந்தது.

இரண்டையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். டெட்ராய்டில் குரல் வறண்டு, பக்கத்தில் நிற்கிறது. தாளம் முன்னால் வருகிறது. வாசிப்பவர்களின் விரல்கள் தெரிகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் மிக்ஸில் வயலின்கள் தாளத்தோடு கரைகின்றன. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது அதற்குள்ளிருந்தே முளைக்கிறது. மார்வின் கே தன் குரலுக்கு மேலேயே தன் குரலை அடுக்கிப் பாடியிருக்கிறார் அல்லவா? இருவேறு முறை பாடிய பதிவுகள் தற்செயலாக ஒன்றாக ஓடியபோது கண்டுகொண்ட உத்தி அது. அந்த இரண்டு குரல்களும் ஒருவர் தன்னோடு தானே பேசிக்கொள்வதுபோல் மிதப்பது, எனக்கு லாஸ் ஏஞ்சலிஸ் மிக்ஸில்தான் நிகழ்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அவர் தம்பியின் துயரமும் அந்தப் பாட்டில் இருக்கிறது. அதற்கு அந்த மிதப்பு வேண்டும். டெட்ராய்ட் மிக்ஸை நான் அடிக்கடி கேட்கிறேன், ஜேமர்சனுக்காக. ஆனால் ஆல்பம் எது என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. பாடியவரே அமர்ந்து, இது போதும் என்று சொன்னது எதுவோ அது.

டெட்ராய்டின் மோனோ சிங்கிளுக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டீரியோவுக்கும் இந்த அளவுகோலே பொருந்துகிறது. செய்தவர்கள் எதை, எந்த இடத்தில் கேட்பதற்காக ஒப்புக்கொண்டார்கள்? அதைத்தான் நான் தேடுகிறேன்.

சில சமயம் மிக்ஸ் என்று நாம் நினைப்பது மிக்ஸே அல்ல. சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் ‘ஐ’வ் பீன் லவிங் யூ டூ லாங்’ 1965 ஏப்ரலில் மோனோவில் பதிவாகிச் சிங்கிளாக வந்தது. ஜூலையில் மெம்பிஸில் ஸ்டாக்ஸ் கூடத்தில் ‘ஓடிஸ் புளூ’ ஆல்பத்தைக் கிட்டத்தட்ட ஒரே நாளில் பதிந்தார்கள். பழைய திரையரங்கு அது, தரை சரிவாகவே இருந்தது. வாத்தியக்காரர்கள் இரவில் வெளியே வாசிக்கப் போகவேண்டியிருந்ததால் நடுவில் சில மணி நேரம் நிறுத்தி, மறுபடி தொடர்ந்தார்கள். அப்போது ஸ்டீரியோவுக்காக அந்தப் பாட்டை ஓடிஸ் இன்னொரு முறை முழுதாகப் பாடினார். ஆக, மோனோ எல்.பி.யிலும் ஸ்டீரியோ எல்.பி.யிலும் இருப்பவை வேறுவேறு பாடல்பதிவுகள். கெஞ்சல் உடையும் இடங்கள் வேறு. எனக்கு ஏப்ரல் பதிவுதான் பிடிக்கும். 2008இல் வந்த இரட்டைச் சிடியில் மோனோ ஒரு தட்டிலும் ஸ்டீரியோ இன்னொரு தட்டிலுமாக இரண்டும் இருக்கின்றன. நீங்களே முடிவு செய்யலாம்.

இன்னொரு சோல் பாடகர் சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’ வேறொரு கதை. 1964 தொடக்கத்தில் வந்த ஆல்பத்தில் பாட்டு முழுதாக இருந்தது. அவர் இறந்தபின் அந்த டிசம்பரில் சிங்கிளாக வந்தபோது ஒரு சரணத்தை வெட்டிவிட்டார்கள். சினிமாவுக்கும் நகர வீதிக்கும் போகிற கறுப்பினத்தவனை, இங்கே நிற்காதே என்று யாரோ விரட்டுகிற சரணம் அது. வானொலி கேட்ட அமெரிக்கா அதைக் கேட்காமலேயே அந்தப் பாட்டை நேசித்தது. உங்கள் சிடியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே சிங்கிளை அசல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இனி உங்கள் மூன்றாவது சிடி. அது அலுப்புத் தருவதற்குக் காரணம், மெல்லிய இடங்களையும் தூக்கி உரத்த இடங்களுக்குச் சமமாக்கியிருப்பதுதான். வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். மூன்றையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிடுங்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் முதல் ஒரு நிமிடம் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். ஒலியைச் சமமாக்கியதும் அந்த மயக்கம் போய்விடும்.

மலிவான தொகுப்புகளில் அட்டையின் பின்புறத்தைக் கட்டாயம் படியுங்கள். பெர்ஸி ஸ்லெட்ஜ் போன்ற பாடகர்கள் தங்கள் புகழ்பெற்ற பாட்டுகளைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி பாடிக் கொடுத்திருக்கிறார்கள். பொடி எழுத்தில் ‘ரீ-ரெக்கார்டட்’ என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஸ்டீரியோ சிடியை விற்றுவிடாதீர்கள். மோனோவில் திரண்டு கிடக்கிற பின்னணிக் குரல்களை அங்கே தனியாகக் கேட்கலாம். டெம்ப்டேஷன்ஸின் மற்ற பாடகர்களான எடி கெண்ட்ரிக்ஸும் மெல்வின் ஃபிராங்க்ளினும் ரஃபினுக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது அந்த மிக்ஸில்தான். அதைக் கேட்டுவிட்டு மோனோவுக்குத் திரும்பிப் பாருங்கள். கேட்டபின் எழுதுங்கள்.

அன்புடன்.