ஸ்கேட்போர்டில் இண்டிபெண்டன்ட், தண்டர், ஏஸ் ட்ரக்குகளை மாற்றி ஓட்டினால் வித்தியாசம் உண்மையிலேயே தெரியுமா?

தெரியும். (ட்ரக் என்றால் பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் உலோகப் பாகம், இவை மூன்றும் அதன் பிராண்டுகள்.) ஆனால் கடையில் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியாது, மாட்டிய முதல் நாளும் தெரியாது. நீங்கள் 8.25 அங்குலப் பலகை வைத்திருப்பதாகவும், தெருவில் ஆலி (வாலைத் தரையில் தட்டி, பலகையோடு எம்பிக் குதிப்பது) பழகுவதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். என்னிடமும் அதே அளவுதான். சான் ஹோசேக்கு வேலைக்கு வந்த பிறகு 31 வயதில், முட்டியைப் பற்றி யோசிக்காமல் தொடங்கினேன். எட்டு வருடத்தில் இந்த மூன்றையும் ஒரே பலகையில் மாட்டி ஓட்டியாயிற்று. அந்தச் செலவுக்கு வீட்டில் இன்னும் கணக்குச் சொல்லவில்லை.

முதலில் ட்ரக் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துவிடலாம். காலை ஒரு பக்கம் அழுத்தினால், ட்ரக்கின் நடுவில் இருக்கும் கிங்பின் என்ற போல்ட்டைச் சுற்றியிருக்கும் இரண்டு யூரித்தேன் புஷ்கள் நசுங்கும். அதனால் ஹேங்கர் (ஆக்சிலைத் தாங்கும் குறுக்குப் பாகம்) சாயும், கூடவே சக்கரங்கள் மாட்டிய ஆக்சிலும் திரும்பும், பலகை அந்தப் பக்கம் போகும். (நம் ஊர் மெக்கானிக் "புஷ் போயிடுச்சு சார்" என்பாரே, அதே வகை சாமான்தான்.) கிங்பின் எந்தச் சாய்வில் நிற்கிறது, ஆக்சில் எவ்வளவு உயரம், பலகையின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. மற்றபடி உலோகத்தில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இண்டியும் (இண்டிபெண்டன்ட்டின் செல்லப் பெயர்) தண்டரும் பல வருடங்கள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே வார்ப்பாலையில்தான் வார்க்கப்பட்டு வந்தன.

இண்டி 1978-இலிருந்து இருக்கிறது. சற்று உயரம், சற்று கனம். சாய்க்கச் சாய்க்க ஒரே சீராகத் திரும்பும், அழுத்தத்தை விட்டால் அதே சீரில் நடுவுக்கு வந்து நிற்கும். காலுக்கு அதிர்ச்சி தராத ட்ரக் என்று சொல்வேன். பௌலில் (கிண்ணம் போல் குழிந்த ஸ்கேட் தளம்) சுவரேறும்போது எனக்கு இதில்தான் பயமில்லை.

தண்டர் தாழ்வானது. கேரியரில் ஆள் இல்லாத சைக்கிள் மாதிரி, நினைத்த மாத்திரத்தில் சட்டென்று திரும்பிவிடும், ஆனால் கொஞ்ச தூரம்தான். அதற்கு மேல் அழுத்தினால் "போதும்" என்று நின்றுவிடும். தரை பக்கத்தில் இருப்பதால் வால் (பலகையின் பின்முனை) சீக்கிரம் தட்டும், ஆலிக்கு அது வசதி. ஆக்சில் சற்று வெளிப்பக்கம் தள்ளி நிற்பதால், இண்டியிலிருந்து மாறியவுடன் வாலை யாரோ ஒரு விரல்கடை வெட்டிவிட்டதுபோல் இருந்தது. பழக ஒரு வாரம் ஆயிற்று.

ஏஸ் வேறு ரகம். சாய்த்தால் திரும்பிக்கொண்டே இருக்கும், உள்ளே உள்ளே போகும். முதல் வாரம் கப்பலிலிருந்து இறங்கியவன் மாதிரி ஆடினேன். அப்புறம் நடைபாதையில் நாய், குழந்தை, தபால் பெட்டி எல்லாவற்றையும் காலைத் தரையில் ஊன்றாமல் சுற்றி வர ஆரம்பித்ததும் வேறெதுவும் பிடிக்காமல் போயிற்று. இறக்கத்தில் வேகமாக வர மட்டும் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை, வேறொரு கம்பெனியின் ஒரே கடினத்தில் உள்ள புஷ்களை இண்டியிலும் தண்டரிலும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். நான் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்த வித்தியாசத்தில் பாதியைக் காணவில்லை! திரும்பும் வேகமும் எதிர்ப்பும் பெரும்பாலும் புஷ்ஷின் வேலை. உயரம், வால், எவ்வளவு ஆழமாகத் திரும்பும் என்பவை மட்டும்தான் ட்ரக்கின் சொந்தக் குணமாக மிஞ்சின.

ட்ரக்கின் கூடவே வரும் புஷ் பெரும்பாலும் 90ஏ கடினத்தை ஒட்டி இருக்கும் (எண் குறைந்தால் புஷ் மென்மை). எனக்கு 82 கிலோ, அது சரியாக இருக்கிறது. 55 கிலோ ஆள் அதே ட்ரக்கில் ஏறிவிட்டு "மரக்கட்டை மாதிரி இருக்கிறது" என்றால், குற்றம் ட்ரக்கிடம் இல்லை. இன்னும் மென்மையான புஷ் ஒரு ஜோடி போட்டால் தீரும், புது ட்ரக் விலையில் அது மிகச் சிறிய பங்கு. புதுப் புஷ் புதுச் செருப்பு மாதிரி, முதலில் கடிக்கும். இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் யாராவது ட்ரக்கைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

புஷ்களை இறுக்கும் கிங்பின் நட்டைத் தளர்த்தும்போது மட்டும் கவனம். உயரம் குறைந்த ட்ரக்கில் 56 மி.மீ. சக்கரத்தைப் போட்டு, நட்டையும் தாராளமாகத் தளர்த்திவிட்டு ஒரு வளைவில் சாய்ந்தேன். சக்கரம் பலகையில் உரசிப் பிடித்துக்கொண்டது, பலகை அங்கேயே நின்றது, நான் நிற்கவில்லை. முழுக்க என் முட்டாள்தனம். பெரிய சக்கரம் வேண்டுமென்றால் பலகைக்கும் ட்ரக்குக்கும் நடுவில், உயரம் கூட்டும் ரைசர் அட்டை வையுங்கள், இல்லை 52, 53 மி.மீ. சக்கரத்தோடு நில்லுங்கள்.

அளவு பார்த்து வாங்கும்போது ட்ரக்கின் பெயரில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். இண்டியில் 144 என்பது ஹேங்கரின் மி.மீ. அளவு, ஆக்சில் 8.25 அங்குலம். ஆக்சில் நீளத்தைக் கேட்டு, பலகை அகலத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

ஆலிதான் குறி என்றால் உங்களுக்குத் தண்டர் என்பேன். கையில் ஏற்கெனவே வேறு ட்ரக் இருந்தால் அதை விற்க வேண்டாம், முதலில் புஷ்ஷை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். நான் இப்போது ஏஸில் இருக்கிறேன், கிங்பின் நட்டு கடையிலிருந்து வந்ததைவிட முக்கால் சுற்றுத் தளர்வாக. அந்த நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பேனர் வேண்டும், பையில் ஒன்று எப்போதும் கிடக்கட்டும்.