கருவிலேயே நரம்பு பாதிக்கப்பட்டால் பின்னால் பிள்ளையின் நடத்தை மாறுமா?

மாறலாம். மருத்துவராக இல்லை, ஒரு சித்தியாகச் சொல்கிறேன். என் அக்காவுக்கு 17 வயதிலிருந்து வலிப்பு. சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரையில் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது, கல்யாணமாகி முழுகாமல் இருந்தபோதும் அதையே போட்டாள், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பையன் கை கால் எல்லாம் சரியாகத்தான் பிறந்தான். ஆனால் மூன்று வயது வரை பேச்சு இல்லை. குக்கர் இரைய ஆரம்பித்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். வகுப்பில் பென்சிலை யாராவது எடுத்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்வான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று சொல்லாத உறவுக்காரர் இல்லை. ஆறு வயதில்தான் ஒரு நரம்பியல் மருத்துவர் அக்காவின் பழைய சீட்டுகளைப் பார்த்துவிட்டு, இது ஆட்டிசம், அந்த மாத்திரை காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்.

மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது, பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போது உறைத்திருக்காது. மூளையோ பத்து மாதமும் வளர்கிறது. அதனால்தான் பிறக்கும்போது ஒரு குறையும் தெரியாத பிள்ளைக்கும் பேச்சிலும் கவனத்திலும் பின்னால் சிக்கல் வருகிறது. கருவில் இந்த மருந்து பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறை, 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிச் சிக்கல். டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து 2013இல் வந்த ஆய்வில், மொத்தத்தில் 1.5 சதவீதமாக இருந்த ஆட்டிசம் வகைகள், கருவில் இந்த மருந்து பட்ட பிள்ளைகளிடம் 4.4 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. பிள்ளை பெறும் யோசனை வந்தவுடனே, கரு தரிக்கும் முன்பே, மருத்துவரிடம் கேளுங்கள். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் என்று ஆபத்து குறைந்த மருந்துகள் இருக்கின்றன, எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனாலும் கேட்க வேண்டும்.

அப்புறம், அவனை அதட்டுவதை நிறுத்திவிட்டோம். அடுப்பில் குக்கரை வைத்ததுமே அக்கா "மூணு விசில் வரும்டா" என்று சொல்லிவிடுவாள். இப்போதும் காதைப் பொத்திக்கொள்கிறான், ஆனால் கட்டிலுக்கு அடியில் போவதில்லை, அடுப்படி வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணுகிறான்.