மூன்றாம் முறை மூட்டு மாற்று: இம்ப்ளான்ட்டுக்கு முன் கேட்க வேண்டியது

குரோம்பேட்டை நண்பருக்கு,

அம்மாவுக்கு மாற்றிய முழங்கால் மூட்டு இரண்டாம் முறையும் தளர்ந்துவிட்டது, எலும்பு கரைந்துவிட்டது, அளவெடுத்துச் செய்யும் இம்ப்ளான்ட்தான் (செயற்கை மூட்டு) வழி என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவை அரங்கில் செவிலியாக இருந்தவள் சொல்கிறேன்: முதலில் கேட்க வேண்டியது இம்ப்ளான்ட்டைப் பற்றி அல்ல. கிருமித்தொற்று இல்லையென்று உறுதி செய்தார்களா?

இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி சோதனைகள் பார்த்தது போதாது. மூட்டிலிருந்து நீரெடுத்து கல்ச்சர் செய்ய வேண்டும், அதாவது கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அம்மா ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி தென்படாமலே போகலாம். மருத்துவர் சம்மதத்தோடு இரண்டு வாரமாவது நிறுத்திய பிறகு எடுப்பதே வழக்கம். தொற்று இருந்தால் பெரும்பாலும் பழையதைக் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, தொற்று அடங்கிய பின்தான் புதியது.

அடுத்து எலும்பு. எக்ஸ்ரே இழப்பைக் குறைத்தே காட்டும், சி.டி. ஸ்கேன் அவசியம். பெரிய பள்ளங்களைக்கூட பள்ளத்தை நிரப்பும் ஆயத்த உலோகக் கோன் (கூம்பு), ஸ்லீவ் (உறை), எலும்புக்குள் இறங்கும் நீளத் தண்டு கொண்டு சமாளிக்கிறார்கள். அவை எதுவும் பிடிக்காத இடத்துக்குத்தான் தனி அச்சு, அதாவது அளவெடுத்துச் செய்யும் இம்ப்ளான்ட். அது தயாராகப் பல வாரங்கள் ஆகும். பழையதைக் கழற்றும்போது இன்னும் கொஞ்சம் எலும்பு பெயர்ந்தால், ஸ்கேனில் எடுத்த அளவு பொருந்தாமலும் போகும். "அப்படியானால் மேசையில் மாற்று என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

2017 முதல் முழங்கால் மூட்டு இம்ப்ளான்ட்டுகளுக்கு மத்திய அரசின் விலை உச்சவரம்பு உண்டு. தனி அச்சுக்குக் கேட்கும் தொகையை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாம் கருத்துக்கு சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள அரசு பொது மருத்துவமனைக்கும் போகலாம். அறிக்கைத் தாள் மட்டுமல்ல, சி.டி. ஸ்கேன் பதிவான வட்டையும் கொண்டுபோங்கள்.