எமுலேட்டர் மெனுவுக்குள் வழி தவறியவர்கள்: கணினிக் கேள்வி – பதில்

பழைய கேம்களையும் பழைய மென்பொருட்களையும் இன்றைய கணினியில் ஓட்டும் எமுலேட்டர்களைப் பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் கேம் ஓடவில்லை என்று ஒருவரும் எழுதவில்லை. கேமுக்குப் போய்ச் சேர முடியவில்லை என்றுதான் கிட்டத்தட்ட எல்லாருமே எழுதியிருந்தார்கள், அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அண்ணா, 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு மாமா கொழும்பிலிருந்து ஒரு ரிவி கேம் கொண்டுவந்து தந்தார். அந்தக் கேம்களை இப்போது மகனுக்குக் காட்டலாம் என்று லப்ரொப்பில் ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருளைப் போட்டேன். மேலே ஃபைல், எடிட் என்று ஒன்றுமே இல்லை. 'லோட் கோர்' என்கிறது, 'லோட் கன்டென்ட்' என்கிறது, எதை முதலில் அமத்துவது? பின்னுக்குப் போக வழி தெரியாமல் இரண்டு தரம் லப்ரொப்பையே நிறுத்திவிட்டேன். பிழை என்னிலா?
– ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: பிழை உங்களில் இல்லை, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தத் திரை மவுஸ் பிடித்த கைக்காகச் செய்யப்பட்டது அல்ல. 2010இல் எஸ்எஸ்என்இஎஸ் என்ற பெயரில் தொடங்கி 2012இல் ரெட்ரோஆர்ச் ஆன இந்த மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், அன்ட்ரொயிட் மட்டுமல்ல, கேம் கொன்சோல்களிலும் ஓடுகிறது. கொன்சோலில் விண்டோஸ் மாதிரி ஜன்னலும் மெனுப்பட்டையும் ஏது? ஆகவே மெனுவைத் தானே வரைந்துகொள்கிறது, அதைக் கேம் கொன்ட்ரோலரால் ஓட்டலாம் என்று எண்ணியே வரைகிறது. ரிவிக்கு முன்னால் கதிரையில் இருப்பவருக்கு அது வசதி, மேசையில் லப்ரொப்போடு இருப்பவர்தான் தடுமாறுகிறார்.

கீபோட்டில் இசட், எக்ஸ் இரண்டையும் பாருங்கள். ரெட்ரோஆர்ச் உங்கள் கீபோட்டையும் ஒரு கொன்ட்ரோலர் என்றே நினைக்கிறது. எக்ஸ் அதில் ஏ பட்டன், 'சரி' என்று பொருள். இசட் பி பட்டன், அதுதான் நீங்கள் தேடிய 'பின்னுக்கு'. கேமுக்குள் இருக்கும்போது மெனுவைக் கூப்பிட எஃப்1. இந்த மூன்று விசையும் கைக்கு வந்துவிட்டால் லப்ரொப்பை நிறுத்தும் தேவை வராது.

கோர் என்பதுதான் உண்மையான எமுலேட்டர், கன்டென்ட் என்பது கேம் கோப்பு. ரெட்ரோஆர்ச் இரண்டையும் பிடித்து வைத்திருக்கும் சட்டகம் மட்டுமே. உங்கள் ரிவி கேம் பெரும்பாலும் நின்டென்டோ ஃபமிகொம் என்ற கொன்சோலின் நகலாகத்தான் இருந்திருக்கும், அப்படியென்றால் 'லோட் கோர்' என்பதற்குள் போய், 'டவுன்லோட் எ கோர்' என்பதில் நெஸ்டோப்பியா என்ற கோரை ஒரு தரம் இறக்குங்கள், பிறகு 'லோட் கன்டென்ட்' வழியாகக் கேமைத் தெரிவு செய்யுங்கள். இன்னுமொன்று, எஃப்5 ஐ அமத்தினால் மேலே ஃபைல் மெனு உள்ள, மவுஸால் கிளிக் செய்யக்கூடிய வழமையான ஒரு ஜன்னல் திறக்கும். நீங்கள் தேடிய சாமான் உள்ளேதான் இருக்கிறது! முதல் முறை திறப்பவருக்கு அதை ஒரு வரியில் காட்டியிருக்க வேண்டும் என்பது என் மனத்தாங்கல், எத்தனையோ பேர் இந்த ஒரு வரி இல்லாமல்தான் அழித்துவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: ஒரு கேமுக்குத் திரை அளவை மாற்றினால் எல்லாக் கேமுக்கும் மாறிவிடுகிறது. அதைச் சரி செய்துகொண்டிருக்க மின்சாரம் போய்விட்டது, திரும்பிப் பார்த்தால் செய்த ஒன்றும் இல்லை. இதுவும் ரெட்ரோஆர்ச்தான்.
– ஒரு வாசகர், கரவெட்டி

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். செற்றிங்ஸில் நீங்கள் மாற்றுவது எல்லாக் கேமுக்கும் பொதுவான ஒரே கோப்பில் எழுதப்படுகிறது, அதுவும் மென்பொருளை முறையாக மூடும்போதுதான். இடையில் மின்சாரம் போனால் எழுத அதற்கு நேரமில்லை. மெயின் மெனுவில் 'கொன்ஃபிகரேஷன் ஃபைல்' என்பதற்குள் உடனே சேமிக்கும் வழி உண்டு, மாற்றியவுடன் அதைச் செய்துவிடுங்கள். ஒரு கேமுக்கு மட்டும் என்றால், கேம் ஓடும்போது எஃப்1, குயிக் மெனு, 'ஓவர்ரைட்ஸ்', அதில் கேமுக்கு என்று சேமியுங்கள். கோருக்கு, ஃபோல்டருக்கு என்றும் தனித்தனியே உண்டு. 'இந்த மாற்றம் இந்தக் கேமுக்கா, எல்லாவற்றுக்குமா?' என்று மாற்றும் இடத்திலேயே கேட்டிருந்தால் நீங்கள் கடிதம் எழுத வேண்டி வந்திராது.

கேள்வி: மகனுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தோம். பழைய போனில் பிபிஎஸ்எஸ்பிபி (பிஎஸ்பி என்ற கைக்கேம் கருவிக்கான எமுலேட்டர்) கேம்களைத் தானாகக் காட்டியது, இதில் டவுன்லோட் ஃபோல்டரைத் தெரிவு செய்யவே விடவில்லை. சரி, அழித்துவிட்டுத் திரும்பப் போடுவோம் என்று போட்டேன், அவன் ஆறு மாதமாக விளையாடிச் சேமித்தது எல்லாம் போய்விட்டது. பிள்ளை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.
– ஓர் அம்மா, சாவகச்சேரி

பதில்: வாசிக்கவே மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, அம்மா. இங்கே குற்றத்தை எமுலேட்டர்மேல் மட்டும் போட முடியாது. 2020இல் வந்த அன்ட்ரொயிட் 11இலிருந்து ஒரு செயலி போனின் சேமிப்பு முழுவதையும் தன் பாட்டில் பார்க்கும் வழியை கூகுள் இறுக்கிவிட்டது. இப்போது ஃபோல்டரை நீங்கள் கைகாட்ட வேண்டும், அதிலும் டவுன்லோட் ஃபோல்டரை அப்படியே கொடுக்க அன்ட்ரொயிட்டே விடாது. அதற்குள் 'பிஎஸ்பி' என்று ஒரு ஃபோல்டர் செய்து, கேம்களை அதற்குள் நகர்த்தி, அதைக் கைகாட்டுங்கள்.

சேமிப்புப் போன இடம் வேறு. முதல் தரம் திறந்தபோது அது இரண்டு வழி கேட்டிருக்கும்: நீங்களே ஒரு ஃபோல்டரைத் தருவதா, செயலியின் சொந்த இடத்திலேயே வைப்பதா என்று. இரண்டாவதைத் தெரிவு செய்தால் செயலியை அழிக்கும்போது சேமிப்பும் கூடவே அழியும். அந்த எச்சரிக்கை திரையில் எழுதியும் இருக்கிறது. ஆனால் கேம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வரியை வாசிப்பானா, முதலில் தெரிந்த பட்டனை அமத்துவான். போனது இனிக் கிடைக்காது. இந்த முறை முதல் வழியைத் தெரிவு செய்து, அந்த ஃபோல்டரை மாதம் ஒரு தரம் கணினியில் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: திரையில் வரும் பட்டன்கள் பாதிப் படத்தை மறைக்கின்றன. என் பெருவிரல் மீதியை மறைக்கிறது.
– பருத்தித்துறை

பதில்: பிபிஎஸ்எஸ்பிபி என்றால் செற்றிங்ஸ், கொன்ட்ரோல்ஸ், அதில் தொடு பட்டன்களின் அமைப்பை மாற்றும் இடம். பட்டனை இழுத்து ஓரத்துக்குக் கொண்டுபோகலாம், சிறிதாக்கலாம், மங்கலாக்கலாம், தேவையில்லாததை மறைக்கலாம். ஒரு புளூடூத் கொன்ட்ரோலர் கிடைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கேள்வி: தம்பி, என் கடைக் கணக்கு பல வருடம் விண்டோஸுக்கு முந்திய பழைய டொஸ் மென்பொருளில் இருந்தது. அதைத் திறந்து பார்க்க மருமகன் டொஸ்பொக்ஸ் என்ற எமுலேட்டரைப் போட்டுத் தந்தார். கறுப்புத் திரை மட்டும் வருகிறது. கிளிக் செய்தால் மவுஸ் அதற்குள் அகப்பட்டு வெளியே வராது.
– ஓர் ஐயா, மானிப்பாய்

பதில்: ஐயா, மவுஸ் வெளியே வர கொன்ட்ரோல் விசையோடு எஃப்10. இதை ஒரு துண்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். கறுப்புத் திரையில் மவுண்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு சி, திரும்ப இடைவெளி விட்டு உங்கள் கணக்கு இருக்கும் ஃபோல்டரின் முகவரி, பிறகு என்டர். அடுத்த வரியில் சி எழுதி முக்காற்புள்ளி. இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும் என்று உங்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை, எனவே டொஸ்பொக்ஸ்-எக்ஸ் போடச் சொல்லி மருமகனிடம் கேளுங்கள். அதே மரபில் வந்ததுதான், ஆனால் மேலே மெனு உண்டு, அச்சிடவும் வழி செய்திருக்கிறார்கள். திறப்பதற்கு முன் கணக்குக் கோப்புகளைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுங்கள்.

கேள்வி: குறை எழுதினால் எமுலேட்டர் செய்பவர்கள் கேட்பார்களா? அல்லது 'நீயே செய்' என்பார்களா?
– ஒரு மாணவி, கிளிநொச்சி

பதில்: திருந்தியதைக் கண்ணால் கண்டிருக்கிறோம், தங்கச்சி. பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2 ஒரு காலத்தில் படத்துக்கு ஒரு செருகுநிரல், சத்தத்துக்கு ஒன்று, கொன்ட்ரோலருக்கு ஒன்று என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஜன்னல் திறக்க வைத்தது. அவற்றை ஒன்றாக்கி, இடைமுகத்தைப் புதிதாக எழுதி, 2024 ஜூலையில் 2.0 பதிப்பை வெளியிட்டார்கள். மேசையில் இருப்பவருக்கு மவுஸ் ஜன்னல், ரிவிக்கு முன்னால் இருப்பவருக்கு முழுத்திரை மெனு, இரண்டும் தனித்தனியே உண்டு. நின்டென்டோ கேம்கியூப், வீ கேம்களுக்கான எமுலேட்டரான டொல்பினும் கணினிக்கு ஒரு முகம், அன்ட்ரொயிட்டுக்கு இன்னொரு முகம் என்றுதான் வைத்திருக்கிறது. உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றாக இருக்கட்டும், கைக்கு ஏற்ற முகம் வேறாக இருக்கட்டும், இதுதான் சரியான வழி என்று நான் நம்புகிறேன். உழைப்பு இரட்டிப்பு, அதைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் இல்லாமல் செய்பவர்கள் என்பதும் உண்மை.

எழுதும்போது 'மோசம்' என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன செய்யப் போனீர்கள், எந்தத் திரையில் நின்றீர்கள், எதை அமத்தினால் என்ன வந்தது, போனா கணினியா, எந்தப் பதிப்பு, இவற்றை எழுதுங்கள், படமும் அனுப்புங்கள்.

நாங்கள் எழுதாவிட்டால் வேறு ஒருவரும் எழுதப்போவதில்லை என்று ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு எமுலேட்டரில் 'கொழும்பு' என்று பெயர் வைத்த என் ஃபோல்டர் பெட்டி பெட்டியாக வந்தது, இன்னொன்றில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மெனுவைத் தானே வரையும் மென்பொருள் எழுத்தையும் தானே வரைய வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுத்தை வரிசையாக அடுக்கினால் போதும். எங்கள் 'கொ'வுக்குக் கொம்பை (ெ) முன்னும் அரவைப் (ா) பின்னும் வைக்கத் தெரிந்த ஒரு பகுதி வேண்டும், ஹார்ஃப்பஸ் என்ற இலவச மென்பொருள் நூலகம் அந்த வேலையைச் செய்கிறது. அடுத்த முறை தமிழில் ஒரு ஃபோல்டர் செய்து திறந்து பாருங்கள், குலைந்து வந்தால் படம் எடுத்து, சரியாக எழுதிய 'கொ'வையும் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு அந்த இரண்டு படமும் இல்லாமல் பிழை எது என்றே தெரியாது.