சாவோ பாவ்லோவுக்கு வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஒன்பது ஆண்டுகளாகச் சாவோ பாவ்லோவில் இருக்கிறேன். பிரேசில் வரும் நண்பர்கள் இந்த வாரம் கேட்டவற்றுக்கெல்லாம் இங்கேயே பதில் தருகிறேன்.

யாரும் கேட்காததை முதலில் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பதில் தனிமை முகாமுக்குப் போக நேரிடும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

கடலோடி: இரண்டே நாள் இருப்பேன். எதைத் தவறவிடக் கூடாது?

அதில் ஒரு நாள் ஞாயிறாக இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். ஞாயிறன்று பவுலிஸ்தா அவென்யூவில் கார்களை நிறுத்திவிட்டுச் சாலையை மக்களிடம் விட்டுவிடுவார்கள். பாட்டு, சைக்கிள், நாய், குழந்தை என்று ஊரே அங்கேதான் இருக்கும். நடுவில் மாஸ்ப் கலைக்கூடம் வரும். லினா போ பார்தி வடிவமைத்து 1968-இல் திறந்த கட்டடம். சிவப்பு உத்திரங்கள் மொத்தக் கட்டடத்தையும் தூக்கிப் பிடிக்க, அடியில் 74 மீட்டர் நீளத்துக்கு ஒரு தூண்கூட இல்லாத வெளி. உள்ளே ஓவியங்கள் சுவரில் தொங்குவதில்லை. கண்ணாடிப் பலகைகளில், கூட்டத்தில் மனிதர்கள் நிற்பதுபோல நிற்கின்றன. யார் வரைந்தது என்று அறிய ஓவியத்தின் பின்பக்கம் போக வேண்டும். பெயரைப் பார்த்து மதிக்காமல், முதலில் படத்தைப் பார்க்க வைக்கும் ஏற்பாடு இது. இதற்காகவே இந்தக் கலைக்கூடத்தின் மீது எனக்குத் தீராத அன்பு. செவ்வாய்க்கிழமை அனுமதி இலவசம், திங்கள் விடுமுறை.

நிலா: எந்தக் கடற்கரை நல்லது?

இந்த ஊரில் கடல் இல்லை. மலையிறங்கிச் சுமார் 70 கிலோமீட்டர் போனால் சாந்தோஸ் வரும்.

சேலத்துக்காரி: நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. மதியத்தில் எடைக்கு விலை போடும் உணவகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. கண்ணால் பார்த்து நீங்களே பரிமாறிக்கொள்ளலாம். தெருச் சந்தைகளில் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த பஸ்தெல், கூடவே அப்போதே பிழிந்த கரும்புச்சாறு. மரவள்ளி மாவில் தோசை போலச் சுடும் தப்பியோக்காவும் உண்டு. உங்கள் ஊர் ஜவ்வரிசியின் கிழங்கு இந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான்.

ஓர் எச்சரிக்கை: இறைச்சி வேண்டாம் என்பதற்கு "கார்னே வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை மாட்டிறைச்சி என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். கோழியும் பன்றித் துண்டும் தட்டில் வந்துவிடும். கோழி, மீன், பன்றி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுங்கள். பீன்ஸ் குழம்பிலும் பன்றி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வழிப்போக்கன்: பாதுகாப்பான ஊரா?

நடைபாதை ஓரத்தில் நின்று கைபேசியைப் பார்க்காதீர்கள். சைக்கிளிலும் மோட்டார் பைக்கிலும் வந்து பறித்துப் போகிறார்கள். வழி பார்க்க வேண்டுமானால் கடைக்குள் நுழைந்து பாருங்கள்.

மாறன்: லிபெர்தாதி எனும் ஜப்பானியப் பகுதிக்கு அரை நாள் போதுமா?

போதும். ஆனால் அதை "ஜப்பானியப் பகுதி" என்பதோடு நிறுத்தாதீர்கள். 1908 ஜூன் 18 அன்று கசாத்து மாரு கப்பலில் 781 ஜப்பானியர் காப்பித் தோட்டங்களுக்காகச் சாந்தோஸில் இறங்கினார்கள். சில ஆண்டுகளில் லிபெர்தாதியில் மலிவு வாடகைக்கு நிலவறைகளில் குடியேறத் தொடங்கினார்கள். சிவப்பு நிறத் தெருவிளக்குக் கம்பங்களும் வார இறுதிச் சந்தையும் பின்னால் வந்தவை. அதற்கெல்லாம் முன்பு அந்தச் சதுக்கத்தின் பெயர் தூக்குமேடைச் சதுக்கம். அடிமைகளும் ஏழைகளும் அங்கே தூக்கிலிடப்பட்டார்கள். பக்கத்திலேயே அவர்களுக்கான இடுகாடு. 2018-இல் ஒரு மனையைத் தோண்டியபோது ஒன்பது எலும்புக்கூடுகள் கிடைத்தன.

மாறன் மறுபடியும்: இருநூறு ஆண்டுக்கு முந்தைய கதை. இன்று அங்கே இருப்பது ஜப்பானியர்தானே? சுற்றிப் பார்க்க வருபவருக்கு இடுகாடு எதற்கு?

மாறன், இதைச் சும்மா விட எனக்கு மனமில்லை. லிபெர்தாதி என்றால் விடுதலை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஊரார் சொல்வதைக் கேளுங்கள். 1821-இல் சாந்தோஸ் படைவீரர்கள் சம்பளப் பாக்கி கேட்டுக் கலகம் செய்தார்கள். அவர்களில் ஷாகின்யாஸ் என்ற கறுப்பின வீரரைத் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்தது. மறுபடி கட்டினார்கள்; மறுபடி அறுந்தது. கூட்டம் "விடுதலை! விடுதலை!" என்று கத்தியது. ஆனாலும் கொன்றுவிட்டார்கள். அந்தக் கூக்குரல்தான் பெயர் என்பது மரபு. பெயரை உச்சரித்துக்கொண்டே அந்த மனிதரை மறக்கச் சொல்கிறீர்களா?

தேன்மொழி: அப்படியானால் ஜப்பானியர்கள் அந்த இடத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்கிறீர்களா?

இல்லை. அவர்களும் ஏமாற்றப்பட்டு, கடனில் சிக்கி, தோட்டங்களிலிருந்து ஓடிவந்தவர்கள். நிலவறையில் குடியிருந்தவர்கள்மீது எனக்கு என்ன கோபம்? என் வழக்கு பெயர்ப்பலகையோடு. 2018-இல் மெட்ரோ நிலையத்தின் பெயரை "ஜப்பான்-லிபெர்தாதி" என்று மாற்றினார்கள். கறுப்பின அமைப்புகள் எதிர்த்தன. எதிர்த்தது சரி என்பேன். பிறகு 2023-இல் சதுக்கத்தின் பெயரில் ஆப்பிரிக்காவையும் ஜப்பானையும் சேர்த்தார்கள். அங்கே ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். சாப்பிட்ட பிறகு சதுக்கத்திலேயே இருக்கும் தூக்கிலிடப்பட்டோர் ஆன்மாக்களின் தேவாலயத்துக்குள்ளும் நுழையுங்கள். திங்கட்கிழமைகளில் மெழுகுவத்தி ஏற்ற வருகிற மக்களைப் பாருங்கள். அவர்களுக்கு இது இருநூறு ஆண்டுக்கு முந்தைய கதை இல்லை.

ஊர்சுற்றி: ரியோவில் கிறிஸ்து சிலைக்கு டிக்கெட் எப்படி?

ரியோ வேறு ஊர், இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். அங்கே இருப்பவரைக் கேளுங்கள்.

கவின்: தெருவில் கைபேசியில் படம் எடுக்கலாமா?

வழிப்போக்கனுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

அமுதா: நகரச் சந்தையில் பழங்கள் அருமை என்கிறார்களே?

1933-இல் திறந்த கட்டடம். வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்காகவே போகலாம். ஆனால் "சுவைத்துப் பாருங்கள்" என்று துண்டு துண்டாக நீட்டிவிட்டு, எடை போடும்போது தலைசுற்றும் விலை சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. விலையைக் கேட்காமல் எதையும் வெட்டவிடாதீர்கள். முந்திரிப்பழச் சாறு கிடைத்தால் குடியுங்கள். முந்திரியைப் போர்த்துக்கீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்தது பிரேசிலிலிருந்துதான்.

செல்வம்: ஜூலையில் வருகிறேன். வெயில் தாங்குமா?

அது இங்கே குளிர்காலம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள்.

இளவேனில்: தடுப்பூசி கட்டாயமா? பிரேசிலுக்குள் நுழையும்போது கேட்பதில்லை என்றார்களே.

திரும்பும்போது என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். இந்தியாவில் கேட்பார்கள். போட்டுக்கொள்ளுங்கள்.

மாறன்: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஷாகின்யாஸ் தொடர்பாக ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. மெட்ரோவிலிருந்து சில நிமிட நடையில் ருவா தோஸ் அஃப்லீதோஸ் என்ற முட்டுச்சந்து. அதன் கோடியில், கடைகளின் முதுகுகளுக்கு நடுவே, 1779-இல் கட்டிய அஃப்லீதோஸ் சிற்றாலயம். பழைய இடுகாட்டில் மிஞ்சிய கட்டடம் அது ஒன்றுதான். உள்ளே ஒரு மரக்கதவு இருக்கிறது. தூக்குக்கு முன்பு அவரை அதன் பின்னால் அடைத்துவைத்தார்கள் என்று நம்புகிறார்கள். வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு மூன்று முறை தட்டுவார்கள். திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துப் போங்கள்.

கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடங்கள், மாறன்.