மூன்றாம் ஒத்திகையிலும் சிரிப்பு வர வேண்டும்

கேள்வி: பள்ளியில் இசை கற்பிக்கிறேன். பன்னிரண்டு வயது மாணவர்களின் கான்சர்ட் பேண்டுக்காக மூன்று நிமிட வேடிக்கை இசை ஒன்றை எழுதினேன். வாத்து விசில், டிராம்போன் சறுக்கல், திடீர் சிம்பல் அடி எல்லாம் உண்டு. முதல் ஒத்திகையில் உருண்டு சிரித்தார்கள். மூன்றாவதில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என்ன குறை?

பதில்: பிள்ளைகள் சிரித்தது விசிலைப் பார்த்து, உங்கள் மெட்டைக் கேட்டு அல்ல. விசில் பழகியதும் சிரிப்பும் போய்விட்டது. நீங்கள் அனுப்பிய ஸ்கோரில் (எழுதிய இசைக்குறிப்பில்) இரண்டு பாருக்கு, அதாவது இரண்டு தாளக் கட்டத்துக்கு, ஒரு குறும்பு வருகிறது. எல்லாமே எதிர்பாராததாக இருந்தால், கேட்பவர் எதையும் எதிர்பார்ப்பதை விட்டுவிடுவார்.

இசையமைப்பாளர் ஹைடனைப் பாருங்கள். 1792-இல் லண்டனில் முதலில் ஒலித்த அவருடைய 94-ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில், குழந்தைகூட முணுமுணுக்கக்கூடிய எளிய மெட்டு தணிந்த ஒலியில் வருகிறது. அதுவே இன்னும் தணிந்த ஒலியில் திரும்ப வருகிறது. பதினாறாம் பாரில் முழு இசைக்குழுவும் ஓங்கி ஒரு அடி. அதன் பிறகு அந்தத் தந்திரத்தை அவர் தொடுவதே இல்லை. அந்த அடக்கம்தான் உங்களுக்கு வேண்டியது.

ஆகவே முதலில் நல்ல பிள்ளையாக ஒரு அணிவகுப்பு மெட்டு எழுதுங்கள். நான்கு பார் போதும். மாற்றமே இல்லாமல் இரண்டு முறை வரட்டும். மூன்றாம் முறை கடைசிச் சுரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். பேண்ட் முழுவதும் மௌனம். பிறகு மரக்கட்டையில் தாமதமாக ஒரே ஒரு 'டக்'. அந்த மௌனத்தின் நீளத்தை நடத்துநரின் கையில் விடுங்கள். எண்ணச் சொன்னால் யாராவது முந்திக்கொண்டு ஊதியே தீருவார். வாத்து விசிலை எனக்கே பிடித்திருக்கிறது, ஒரு முறை வந்து போகட்டும்.

அடுத்தது கருவிகள். டிராம்போன் சறுக்கல் எல்லாச் சுரங்களுக்கு இடையிலும் வராது. இழுத்து நீட்டும் குழாயை நிறுத்த ஏழு நிலைகள். ஒரே இழுப்பில் அதிகபட்சம் ஆறு அரைச்சுரத் தொலைவுதான். சிறுவர்களின் கை ஆறு, ஏழாம் நிலைகளை எட்டாது. நீங்கள் எழுதிய, பி ஃப்ளாட் சுரத்திலிருந்து ஈ சுரம் வரையிலான சறுக்கல் பெரியவர்களுக்கானது. ஜி-யோடு, அதாவது நான்காம் நிலையோடு, நிறுத்துங்கள், வேடிக்கை குறையாது.

கிளாரினெட்டுக்கு நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் அந்த மாணவர்கள்மேல் இரக்கம் வந்தது. நடு ஏ சுரத்தை ஒரு விரலால் ஊதலாம். அடுத்துள்ள பி-க்கு எல்லாத் துளைகளையும் மூடி, பின்புறச் சாவியையும் அழுத்த வேண்டும். வேகமான இடத்தில் இந்த எல்லையை முன்னும் பின்னும் தாண்டச் சொன்னால் கீச்சென்று கத்தும். அந்தக் கீச்சு நீங்கள் எழுதிய நகைச்சுவை இல்லையே! மெட்டை எல்லைக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்பெட்டுக்கு நடுநடுவே ஓய்வு கொடுங்கள். இளம் உதடு விரைவில் களைத்துவிடும்.

இன்னொன்று: மாணவர்கள் கோமாளித்தனமாக வாசிக்கக் கூடாது. அமெரிக்க இசையமைப்பாளர் லெராய் ஆண்டர்சன் 1950-இல் தட்டச்சு இயந்திரத்தை இசைக்குழுவின் நடுவே வைத்து எழுதியபோது, அந்த இயந்திரத்துக்கும் கறாரான தாளத்தைத்தான் கொடுத்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சரியாக வாசித்தால்தான் குறும்பு எடுபடும்.

கேள்வி: நான் டூபா வாசிக்கும் மாணவி. எப்போதும் 'பூம், பூம்' மட்டும்தான். எனக்கு ஒரு மெட்டு எழுதித் தரச் சொல்லி எங்கள் ஆசிரியரிடம் கேட்கலாமா?

பதில்: கட்டாயம் கேள், மகளே. அவரிடம் இரண்டு நிபந்தனைகளையும் சொல். டூபா காற்றை விழுங்கும் கருவி. ஆகவே இரண்டு பாருக்கு ஒரு முறை மூச்சு வாங்க இடம் வேண்டும். நீ வாசிக்கும்போது டிரம்பெட்டுகள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் உன்னுடைய 'பூம், பூம்' வேலையைப் புல்லாங்குழல்கள் பார்த்துக்கொள்ளட்டும்.