வாசகர் கேள்வி பதில்: 1000 வாட் காற்றாலையும் நடுங்கும் மூலக்கூறும்

கேள்வி: மாந்தோப்பை ஒட்டி 10 மீட்டர் கம்பத்தில் 1 கிலோவாட் காற்றாலை வைத்திருக்கிறேன். 24 வோல்ட் பேட்டரி, கம்பத்திலிருந்து 30 மீட்டருக்கு ஒன்றரை ஸ்கொயர் (1.5 சதுர மி.மீ. தடிமன்) ஒயர். நல்ல காற்றிலும் 120 வாட்டைத் தாண்டவில்லை. ஜெனரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் லேபிளைப் பாருங்கள். 1000 வாட் என்பது பெரும்பாலும் நொடிக்கு 12 மீட்டர் காற்றுக்குச் சொன்ன கணக்கு. காற்றின் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும், அப்படியே இறங்கும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றுதான். அதனால் 6 மீட்டர் காற்றில் 125 வாட், 4 மீட்டரில் 37 வாட். உங்கள் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் காற்றின் அடர்த்தியும் ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. ஆகவே 120 வாட்டை வைத்து மட்டும் ஜெனரேட்டரைக் குறை சொல்ல முடியாது.

75 சதவீதத் திறனுள்ள ஜெனரேட்டரை எடுத்துவிட்டு 85 சதவீதத் திறனுள்ளதை மாட்டினாலும் 120 வாட் 136 ஆகும், அவ்வளவுதான். இறக்கையில் படும் காற்று 5 மீட்டரிலிருந்து 6 மீட்டரானால் சக்தி 73 சதவீதம் கூடும். எனவே பணத்தைக் கம்பத்தில் போடுங்கள். 100 மீட்டர் சுற்றளவில் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட இறக்கையின் கீழ்நுனி 10 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். மரங்களுக்குப் பின்னால் காற்று சுழன்று வரும். அதில் காற்றாலை திசை தேடித் திரும்பிக்கொண்டே இருக்கும், பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

அடுத்தது ஒயர். ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர்களில் எப்போதும் இரண்டின் வழியாகத்தான் கரண்ட் ஓடும், ஆக மொத்தம் 60 மீட்டர். 5 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை ஸ்கொயரில் சுமார் 3.6 வோல்ட் விழும், 18 வாட் சூடாகிப் போகும். 6 ஸ்கொயர் போட்டால் இழப்பு 5 வாட்டுக்குள் அடங்கும்.

ஜெனரேட்டரைச் சோதிக்க, இறக்கையைக் கயிற்றால் கட்டிவிட்டு மூன்று ஒயர்களையும் கழற்றுங்கள். இளங்காற்றில் அவிழ்த்துவிட்டு, இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஜெனரேட்டரின் காயில் (கம்பிச் சுருள்) நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் காயில் கெட்டிருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். பலத்த காற்றில் இதைச் செய்யவே கூடாது. சுமை இல்லாமல் வேகம் எகிறி இறக்கை உடைந்து பறக்கும்.

கேள்வி: ஜெனரேட்டர் காந்தம் வெயிலில் பலம் குறையுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: வெயிலில் குறையாது. சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாக்குப்பிடிக்கும். அளவுக்கு மீறிய கரண்டில் காயில் கொதித்து அதைத் தாண்டினால் போன பலம் ஆறிய பிறகும் திரும்பாது.

கேள்வி: பிளஸ் ஒன் மாணவர்களுக்கு மூலக்கூறு வடிவங்களை ஆக்மென்டட் ரியாலிட்டியில் (அச்சிட்ட அட்டையைப் போன் கேமராவில் பார்த்தால் அதன் மேல் முப்பரிமாணப் படம் தெரியும் முறை) காட்டுகிறேன். அட்டை மேல் படம் நடுங்குகிறது, மறைகிறது. பிள்ளைகளும் வேடிக்கை பார்ப்பதோடு சரி.
- வேதியியல் ஆசிரியை, அரூர்

பதில்: நடுக்கத்துக்குப் பெரும்பாலும் லேமினேஷன்தான் காரணம். ஜன்னல் வெளிச்சம் பட்டால் அட்டையில் அச்சிட்ட கறுப்புக் கட்டம் கேமராவுக்கு வெள்ளையாகத் தெரியும். பளபளப்பில்லாத தாளில் 8 செ.மீ. சதுரமாக அச்சிட்டு, கெட்டி அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். சுற்றிலும் 1 செ.மீ. வெள்ளை விளிம்பு விட வேண்டும். அதை வெட்டிவிட்டால் ஆப்புக்குக் கட்டத்தின் ஓரம் பிடிபடாது.

வேடிக்கை பாடமாக வேண்டுமென்றால் போனை எடுக்கும் முன் மீத்தேனை நோட்டில் வரையச் சொல்லுங்கள். பலரும் கூட்டல் குறி போல 90 டிகிரியில் வரைவார்கள். அதன் பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதுதான் 109.5 டிகிரி மனதில் பதியும். பிறகு களிமண் உருண்டையில் நான்கு ஈர்க்குச்சிகளைச் செருகி அதையே கையால் செய்யட்டும்.

தண்ணீரில்தான் கவனம் தேவை. பல ஆப்கள் ஆக்சிஜனின் தனி இணைகளை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகளை) காட்டுவதில்லை, அதனால் மூலக்கூறு ஏன் வளைந்தது என்பது பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. அதே உருண்டையில் இரண்டு குச்சிகளை உருவிவிட்டு, அந்த இடங்களில் இரண்டிரண்டு புளியங்கொட்டைகளைப் பதிக்கச் சொல்லுங்கள். தனி இணைகள் அதிகமாக விலக்கித் தள்ளும் என்று சொல்லி, மீதியுள்ள இரு குச்சிகளையும் 104.5 டிகிரிக்குச் சற்றே நெருக்கச் சொல்லுங்கள்.